உடைந்தது பல் அல்ல

டர்போ காரை டிராக்குக்குத் தயார் செய்கிறவர் எந்த கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்று சென்ற இதழில் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். முழுவதும் படித்தேன். கியர் விகிதம் என்ற பேச்சே அந்தக் கட்டுரையில் இல்லை. எந்த உறுப்பு உடைந்தது, எதனால் உடைந்தது என்று அவர் கேட்கவே இல்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் எந்த வேகத்தில் எந்த கியரில் கார் ஓடும் என்பது பற்றி ஒரு வரி கிடையாது. இவை எதுவும் இல்லாமல் கியர்பாக்ஸ் தேர்வைப் பற்றி எழுதுவது, அதுவும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிராக்குக்கு வரும் இளைஞர்களுக்கு அறிவுரையாக எழுதுவது, பொறுப்பற்ற வேலை.

அவர் எடுத்துக்கொண்ட கார் ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 2004-இல் நம் நாட்டுக்கு வந்தது. 1.8 லிட்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, டர்போ. 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க், ஐந்து கியர். டர்போ பெட்ரோல் என்றால் என்ன என்று நம்மில் பலருக்குக் காட்டிக்கொடுத்த கார் அது. இருபது வருடம் கழித்தும் அதை டிராக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் கியர்பாக்ஸுக்கு 02ஜே என்று பெயர். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கணக்கில் எம்.க்யூ.250. அந்த 250 என்பது அது தாங்கும் டார்க்கின் அளவு.

கட்டுரையாளரின் வாதம் இந்த எண்ணில் தொடங்குகிறது. கம்ப்யூட்டரை ரீமேப் செய்தால் எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் தரும், பெட்டியோ 250-க்குச் செய்தது, ஆகவே உடையும். தனக்குத் தெரிந்த மூன்று பெட்டிகள் டிராக்கில் கேசிங் பிளந்து போனதைச் சாட்சிக்கு அழைக்கிறார். அதனால் பழைய பெட்டியைத் தூக்கிப் போடு, புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் டீசல் ஆக்டேவியாவின் பெட்டியை வாங்கிக் கட்டு, டீசல் பெட்டி பலமானது என்கிறார். கொஞ்சம் காசு கூட இருந்தால் ஆறு கியர் 02எம். இன்னும் இருந்தால் வெளிநாட்டிலிருந்து நேர்ப்பல் டாக் பாக்ஸ் என்ற பந்தயப் பெட்டி. காரோடு வந்த பெட்டியைக் கட்டுவது, இற்றுப்போன பாவில் முடிச்சுப் போட்டுப் பட்டு நெய்கிற மாதிரி என்றும் ஒரு உவமை. போகிற போக்கில், நம்மூர் மெக்கானிக்குகள் கியர்பாக்ஸில் ஆயில் மாற்ற மட்டுமே லாயக்கானவர்கள் என்றும் எழுதிவிட்டார்.

அந்த மூன்று பெட்டிகளிலிருந்தே தொடங்குகிறேன். அவருடைய கட்டடம் முழுக்க அவற்றின் மேல்தான் நிற்கிறது.

02ஜே பெட்டி டிராக்கில் கேசிங் பிளந்து போவது உண்மை. உலகம் முழுக்கத் தெரிந்த நோய் அது. ஆனால் கேசிங்கைப் பிளப்பது எது? பெட்டியின் அடிவயிற்றில் டிஃபரென்ஷியல் இருக்கிறது. அதன் கூட்டோடு பெரிய கிரவுன் வீலைப் பிணைத்து வைத்திருப்பவை ரிவெட்டுகள். ஆமாம், போல்ட் கிடையாது, ரிவெட். வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள்பக்கச் சக்கரம் பிடிப்பை இழந்து சுழலும். சாதாரண ஓபன் டிஃபரென்ஷியலில் அந்தச் சக்கரத்தின் சுழற்சி முழுவதும் நடுவில் இருக்கும் சின்ன கியர்களிலும் அவை சுற்றும் குறுக்கு பின்னிலும் போய் விழும். சாலைக்காக வடிவமைத்த கூடு. இரண்டு சக்கரத்துக்கும் இடையே இவ்வளவு வேக வித்தியாசம் நாள் முழுக்க வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் குறுக்கு பின் சூடேறிக் கூட்டைப் பற்றிக்கொள்ளும். பிறகு தளர்ந்து வெளியே நகரும். ரிவெட் தலைகள் வெட்டுப்படும். இரண்டில் எது நடந்தாலும், சுழல்கிற கூட்டிலிருந்து ஒரு இரும்புத் துண்டு நீட்டிக்கொண்டு வந்து அலுமினியக் கேசிங்கில் மோதும். ஓட்டை விழும். ஆயில் மொத்தமும் டிராக்கில் கொட்டும். பின்னால் வருகிற பைக்காரரின் உயிரும் அதில் இருக்கிறது.

இதில் எந்த கியரின் பல் உடைந்தது? ஒன்றும் உடையவில்லை. 300 நியூட்டன் மீட்டர் டார்க் மெயின் ஷாஃப்டை முறித்ததா? இல்லை. 210 நியூட்டன் மீட்டர் தரும், ரீமேப் செய்யாத காரிலும் ஓபன் டிஃபரென்ஷியலோடு வளைவுக்கு வளைவு சக்கரத்தைச் சுழல விட்டால் இதே கதைதான். மருந்தும் தெரிந்ததே. ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்துவிட்டு 12.9 தர போல்ட் போட வேண்டும். குறுக்கு பின் நகராமல் பூட்ட வேண்டும். அதைவிட நல்லது, ஹெலிகல் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் ஒன்றை உள்ளே வைப்பது. அது போல்ட்டோடு வருவதால் ரிவெட்டும் போய்விடும், உள்சக்கரம் சுழல்வதும் பெருமளவு அடங்கும், சுற்று நேரமும் குறையும். கியர்பாக்ஸுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பெரும் பங்கு இதற்குத்தான் போக வேண்டும். கட்டுரையாளர் டிஃபரென்ஷியல் என்ற சொல்லைக்கூட எழுதவில்லை. நோயாளியின் காலில் முள் குத்தியிருக்க, செருப்புக் கடையின் விலைப்பட்டியலை அவர் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது அவருடைய டீசல் பெட்டி. இந்த அறிவுரைதான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. விலை குறைவு என்பதால் இளைஞர்கள் முதலில் ஓடுவது அதற்காகத்தான்.

நம் ஊரில் டாக்ஸியாகவும் வீட்டு வண்டியாகவும் ஓடித் தேய்ந்த ஆக்டேவியா 1.9 டீசல், 90 குதிரைத்திறன். அதன் டார்க் எவ்வளவு? 210 நியூட்டன் மீட்டர். வி.ஆர்.எஸ்ஸின் டார்க் எவ்வளவு? அதே 210. டீசல் என்ற சொல்லைக் கேட்டதும் பலம் என்று நினைத்துக்கொண்டவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பெட்டியும் அதே 02ஜே குடும்பம். அதே கேசிங், அதே ரிவெட். அவர் பயப்படுகிற நோய் அதிலும் அப்படியே இருக்கிறது. ஒரே வேறுபாடு கியர் விகிதம். அந்த வேறுபாடு நமக்கு எதிராக வேலை செய்கிறது.

02ஜேயை ஃபோக்ஸ்வாகன் குழுமம் 1.8 டர்போவுக்குக் கொடுத்தபோது வைத்த விகிதங்களில் ஒன்று இது: முதல் கியர் 3.30, இரண்டாவது 1.94, மூன்றாவது 1.31, நான்காவது 1.03, ஐந்தாவது 0.84. கடைசியில் 17 பல் பினியன், 67 பல் கிரவுன், அதாவது 3.94. அதே பெட்டியை 90 குதிரைத்திறன் டீசலுக்குக் கொடுத்தபோது 3.78, 2.12, 1.36, 0.97, 0.76, கிரவுன் பினியன் 61-க்கு 18, அதாவது 3.39. பெட்டியில் பொறித்த மூன்றெழுத்துக் குறியீட்டைப் பொறுத்து இவை சற்று மாறும். ஆனால் டீசல் பெட்டி நீளமானது என்ற உண்மை எந்தக் குறியீட்டிலும் மாறாது. டீசல் எஞ்சின் 4,500 சுற்றைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். குறைந்த சுற்றில் நெடுஞ்சாலை வேகத்தை எட்ட வேண்டும் என்றுதான் அதற்கு அந்த விகிதம்.

கியரையும் கிரவுன் பினியனையும் பெருக்கிப் பார்ப்போம். பெட்ரோல் பெட்டியில் மூன்றாவது 5.16, நான்காவது 4.06, ஐந்தாவது 3.31. டீசல் பெட்டியில் மூன்றாவது 4.61, நான்காவது 3.29. டீசலின் நான்காவது கியரும் பெட்ரோலின் ஐந்தாவது கியரும் ஒன்றேதான்! 16 அங்குலச் சக்கரத்தில் 6,500 சுற்று வரை இழுத்தால் பெட்ரோல் பெட்டி மூன்றாவதில் மணிக்கு 146 கிலோமீட்டர், நான்காவதில் 185. டீசல் பெட்டி மூன்றாவதில் 163, நான்காவதில் 229. ஐந்தாவது கியரைக் கணக்குப் போட்டால் 290-ஐத் தாண்டும். ரீமேப்பில் 200 குதிரைத்திறன் தரும் ஆக்டேவியா அந்த வேகத்தைக் கனவில்கூடக் காணாது.

இருங்காட்டுக்கோட்டைச் சுற்று 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. இந்த வகைக் கார் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்தை ஒட்டி எடுக்கும் என்று வைத்தால் சராசரி வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர் சொச்சம். நேர்ப்பாதையின் முடிவில் 180-ஐத் தொட்டாலே பெரிது. பெட்ரோல் பெட்டி இந்த டிராக்குக்கு அளவெடுத்தது போலப் பொருந்துகிறது: நான்காவது கியர் முடியும் இடத்தில் பிரேக் புள்ளி வருகிறது. டீசல் பெட்டியோடு போனால் நான்காவதும் ஐந்தாவதும் பாரம். நான்காவது கியரில் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் விசை பெட்ரோல் பெட்டியைவிட 19 சதவீதம் குறைவு. 146-க்கும் 163-க்கும் நடுவே, பெட்ரோல் பெட்டி நான்காவதுக்கு மாறிவிட்ட பின்னும் டீசல் பெட்டி மூன்றாவதிலேயே இழுக்கும். அந்தச் சின்ன இடைவெளியில் அதற்குச் சாதகம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அடுத்த கணம் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போகும்போது சுற்று 6,500-இலிருந்து 4,640-க்குச் சரியும். பெட்ரோல் பெட்டியில் அது 5,110-க்குத்தான் இறங்கும். பெரிய டர்போ மாட்டிய காரில் இந்த 470 சுற்று வித்தியாசம் பூஸ்ட் இருப்பதற்கும் பூஸ்டுக்காகக் காத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம். டர்போ எஞ்சினுக்கு கியர்கள் நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் பாலபாடம். அதைத் தலைகீழாக்கி, பணம் மிச்சம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார் இவர்.

அடுத்து அந்த 250 என்ற எண். 250-க்குச் செய்த பெட்டி 251-இல் வெடிக்கும் என்பது போல எழுதியிருக்கிறார். அந்த எண் ஆயுளைக் குறிப்பது. சாலையில் பல லட்சம் கிலோமீட்டர், டிரெய்லர் இழுத்து, மேடேறி, யார் யாரோ ஓட்டி, உத்தரவாதக் காலம் தாண்டியும் நிற்க வேண்டும் என்ற கணக்கில் வந்தது. பேரிங்கின் ஆயுள் அதன் மேல் விழும் சுமையின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். ரோலர் பேரிங்கில் அதைவிடச் சற்றுக் கூட. 250-ஐ 300 ஆக்கினால் சுமை 1.2 மடங்கு, ஆயுள் ஏறக்குறையப் பாதிக்கு இறங்கும். பாதி என்றால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதில் பாதி? ஒரு செஷனுக்குப் பத்துச் சுற்று, நாளுக்கு நான்கு செஷன், வருடத்துக்கு ஆறு நாள் என்று வைத்தால் டிராக்கில் காசைக் கொட்டி ஓடுகிறவருக்கும் வருடம் ஆயிரம் கிலோமீட்டர் தேறாது. பல்லின் அடிப்பகுதியில் வரும் விரிசல் பேரிங்கைப் போலப் பொறுமையாகக் காத்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பெட்டியைப் பிரித்த உடனே மூன்றாவது, நான்காவது கியர் பற்களின் அடியைச் சாயம் ஊற்றி விரிசல் பார்க்க வேண்டும். பார்க்கச் சொல்வதை விட்டுவிட்டுப் பெட்டியையே தூக்கிப்போடச் சொல்வது சோம்பேறித்தனம்.

முதல் கியரில் அந்த 300 பெட்டிக்குள் முழுதாக நுழைவதே இல்லை என்பது அவருக்குத் தெரியுமா? 300-ஐ 3.30-ஆலும் 3.94-ஆலும் பெருக்கினால் அச்சில் 3,900 நியூட்டன் மீட்டர். முன்சக்கரங்களின் மேல் 800 கிலோ எடை இருந்து, டயரின் பிடிப்பும் முழுதாகக் கிடைத்தால்கூட அவை தாங்குவது சுமார் 2,400. அதற்கு மேல் டயர் வழுக்கும். டயர்தான் அங்கே ஃபியூஸ். பெட்டியை உடைப்பது கிளட்சைச் சட்டென்று விடும் அடியும், கெர்ப் மேல் ஏறித் துள்ளிய சக்கரம் சுழன்றபடியே தரையில் விழும்போது வரும் அடியும்தான். இவை இரண்டும் ஓட்டுநரின் காலிலும் சஸ்பென்ஷனிலும் தீர வேண்டியவை. 600 நியூட்டன் மீட்டர் பெட்டியை வைத்தாலும் அந்த அடி ஒழியாது. அடுத்து பலவீனமாக இருக்கிற டிரைவ் ஷாஃப்டுக்குப் போய்ச் சேரும்.

இதைவிட முக்கியமானது, 300 தேவையே இல்லை என்பது. பெட்டியை உடைப்பது டார்க். நேர்ப்பாதையில் காரைத் தள்ளுவது குதிரைத்திறன். 3,000 சுற்றில் 300 நியூட்டன் மீட்டர் என்பது 128 குதிரைத்திறன்தான். அதையே 260-இல் நிறுத்தி 5,300 சுற்று வரை தாங்கிப் பிடித்தால் 196 குதிரைத்திறன். கீழ்ச்சுற்றில் பூஸ்டைக் குறைத்து மேலே நீட்டித்து எழுதுகிற மேப், பெட்டியையும் காக்கும், காரையும் வேகமாக்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, கார் கம்பெனிகள் நம் கண்ணெதிரே செய்வது. 2016-இல் இந்தியாவுக்கு வந்த போலோ ஜி.டி.ஐ. 1.8 டர்போவைப் பாருங்கள். ஐரோப்பாவில் அந்த எஞ்சினுக்கு மேனுவல் பெட்டியில் 320 நியூட்டன் மீட்டர். ஏழு கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. பெட்டியில் 250. குதிரைத்திறன் இரண்டிலும் 192! பெட்டி 250-க்கு மேல் தாங்காது என்பதால் டார்க்கை வெட்டினார்கள், திறனை விட்டுக்கொடுக்கவில்லை. தூரம் போக வேண்டாம், ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் டர்போ மேனுவலில் 160 நியூட்டன் மீட்டர், சி.வி.டி.யில் 152, திறன் இரண்டிலும் 100 தான். நம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலையின் வாசலிலிருந்து தினமும் வெளியேறுகிற பாடம் இது.

ஆறு கியர் 02எம் பற்றி எனக்குப் பகை கிடையாது. 350 நியூட்டன் மீட்டர் பெட்டி, நல்ல பெட்டி. பெரிய டர்போ, புதிய கனெக்டிங் ராடு, 400-ஐ நோக்கி டார்க் என்று போகிறவர் அதைத்தான் கட்ட வேண்டும். ஆனால் அதை ஏதோ நான்கு போல்ட் வேலை மாதிரி எழுதியிருக்கிறார். அது மூன்று ஷாஃப்ட் பெட்டி. எடை கணிசமாகக் கூடும், அதுவும் முன் அச்சுக்கு முன்னால் கூடும். ஃபிளைவீலும் கிளட்சும் மாறும். ஸ்டார்ட்டர் மாறும். மவுண்ட் மாறும். டிரைவ் ஷாஃப்டின் ஃபிளாஞ்ச் 100 மில்லிமீட்டரிலிருந்து 108 ஆவதால் ஷாஃப்டுகளும் மாறும். ஸ்கோடா லாரா காலத்துப் பெட்டி கிடைத்தால் மவுண்ட் இன்னும் வேறு மாதிரி. இவை எல்லாம் சேர்ந்த பிறகு பெட்டியின் விலை மொத்தச் செலவில் சின்னப் பங்கு. அந்தப் பட்டியலை மறைத்து, கொஞ்சம் காசு கூட என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கிறார். பாதி வேலையில் பணம் தீர்ந்து, ஜாக்கியில் நிற்கும் கார்கள் இப்படிப்பட்ட எழுத்தால்தான் உண்டாகின்றன.

நேர்ப்பல் பலமானது என்றும் எழுதியிருக்கிறார். அதே அகலம், அதே உலோகம் என்றால் சாய்ந்த பல்லில் ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அந்த விஷயத்தில் சாய்ந்த பல்லுக்கே சாதகம். நேர்ப்பல்லின் லாபம் வேறு: ஷாஃப்டை அச்சின் திசையில் தள்ளும் விசை அதில் கிடையாது, பேரிங்கும் கேசிங்கும் நிம்மதியாக இருக்கும். டாக் வளையத்தின் லாபம் வேகமான கியர் மாற்றம். ஆனால் டாக், தயங்கித் தயங்கி கியர் போடுகிறவரை மன்னிக்காது. முனை மழுங்கும், கியர் நழுவும். சில பந்தயங்களுக்கு ஒருமுறை திறந்து பார்த்து வளையம் மாற்ற வேண்டும். உதிரி வளையத்துக்கு ஒவ்வொரு தடவையும் கடல் தாண்டிக் காத்திருந்து, சுங்க வரியும் கட்டி, வருடத்துக்கு ஆறு நாள் ஓட்டுகிறவர் என்ன செய்வார்?

இந்த நாட்டின் பந்தயம் சாலைக் காரின் பெட்டியில்தான் எழுந்து நின்றது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. 1988-இல் கோயம்புத்தூரின் கரிவர்தன் ஃபார்முலா மாருதியை உருவாக்கியபோது அதில் வைத்தது மாருதி 800-இன் எஞ்சினையும் அதே மாருதி 800-இன் கியர்பாக்ஸையும்தான். எந்த ஊரிலும் உதிரி கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரிப்பார், சாமானியன் வீட்டுப் பிள்ளையும் ஓட்டலாம் என்பதற்காக. 1990-இல் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக டிராக் கட்டிய பின் அந்தக் கார்கள் இங்கே வந்தன. நரேன் கார்த்திகேயன் பந்தயத்துக்குள் நுழைந்தது ஃபார்முலா மாருதி வழியாகத்தான். அந்தக் காரின் கியரைக் கட்டிக் கொடுத்தவர்கள் யார்? ஆயில் மாற்ற மட்டும் லாயக்கானவர்கள் என்று இவர் எழுதிய அதே மனிதர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு உடம்பு கொதித்தது. ஷிம் அளந்து அளந்து விரல் நுனி மரத்துப்போனவர்களை, கியர்பாக்ஸின் உள்பக்கத்தைப் பார்த்ததற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லாத கட்டுரையில் இழிவுபடுத்துவதற்கு இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

ஒரு எல்லையை நானே சொல்லிவிடுகிறேன். கியர் பல்லைப் புதிதாக வெட்டித் தருகிறோம் என்று சொல்லும் சின்னப் பட்டறைக்கு யாரும் போக வேண்டாம். பல் வெட்டுவது பாதி வேலைகூட இல்லை. 20எம்.என்.சி.ஆர்.5 போன்ற உருக்கில் கரி ஏற்றி, மேல்தோல் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிக் கடினமாகவும் உள்ளே வளையும் தன்மையோடும் இருக்கச் சூடேற்றிக் குளிர்வித்து, அதில் வரும் கோணலைக் கிரைண்டிங்கில் எடுத்தால்தான் அது கியர். ஆனால் பெட்டியைக் கட்டுவது பல் வெட்டும் வேலை இல்லையே! அது அளக்கும் வேலை. சிங்க்ரோ வளையத்தைக் கோனில் அழுத்தி வைத்து ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி பார்ப்பது. செலக்டர் ஃபோர்க்கின் அடியில் மயிரிழை விரிசல் தேடுவது. டிஃபரென்ஷியலின் டேப்பர் பேரிங்குக்கு ப்ரீலோட் சரியாக வரும்படி ஷிம் தேர்வது. கிரவுன் பினியனின் ப்ளேயை டயல் கேஜில் பார்ப்பது. கேசிங் மாறினால் பழைய ஷிம்மையே திரும்பப் போடக் கூடாது, புதிதாக அளக்க வேண்டும் என்பது தெரிந்தவரா என்று கேட்டால் போதும். எதிரே நிற்பவர் மெக்கானிக்கா இல்லையா என்று தெரிந்துவிடும். பித்தளை சிங்க்ரோ உள்ள பெட்டியில் ஜி.எல்.5 ஆயிலை ஊற்றக் கூடாது என்பதும் அப்படித்தான். இதெல்லாம் தெரிந்தவர்கள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அம்பத்தூர் வரை இருக்கிறார்கள்.

அந்தப் பாவு உவமைக்கும் வருகிறேன். காஞ்சிபுரத்துக்காரர் இப்படி எழுதியதுதான் வேதனை. பிள்ளையார்பாளையத்தில் ஏதாவது ஒரு தறி முன்னால் அரை நாள் உட்கார்ந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார். முந்திக்கு வேறு நிறம் வேண்டும் என்றால் உடலின் பாவு நூலோடு முந்தியின் பாவு நூலை ஒவ்வொன்றாகப் பிணைத்துத்தான் நெய்கிறார்கள். கோர்வைப் புடவையில் கரையும் உடலும் தனித்தனியாக நெய்யப்பட்டு ஊடைக்கு ஊடை ஒன்றையொன்று கவ்வுகின்றன. புடவை கிழிந்தாலும் அந்த இணைப்பு விடாது என்று இந்த ஊர் பெருமைப்படுகிறது. எந்த இடத்தில் பிணைக்க வேண்டும் என்று தெரிந்து பிணைப்பதில்தான் இந்த ஊரின் பெயரே இருக்கிறது. அதை மட்டம் தட்டும் உவமையாக இவர் பயன்படுத்தியிருக்கிறார்.

நான் சொல்வது இதுதான்: 02ஜேயோடு வந்த, 300-க்குள் டார்க்கை வைத்துக்கொள்ளப் போகிற காருக்கு, காரோடு வந்த பெட்ரோல் பெட்டியையே கட்டுங்கள். டிஃபரென்ஷியலுக்கு முதல் பணம். பேரிங், சீல், சிங்க்ரோவுக்கு அடுத்தது. மேப்பைத் திருத்துவதற்கு மூன்றாவது. அந்த மூன்று உடைந்த பெட்டிகளின் துண்டுகள் கட்டுரையாளரிடம் இன்னும் இருந்தால், கிரவுன் வீலின் ரிவெட் துளைகள் தெரியும்படி படம் எடுத்து அச்சிடட்டும். மூன்றிலும் பல்தான் முதலில் உடைந்தது என்று காட்டிவிட்டால் இந்த எதிர்வினையை நான் திரும்பப் பெறுகிறேன்.

அவர் பேச்சை நம்பி ஏற்கெனவே டீசல் பெட்டி வாங்கிவிட்டவர்கள் இருப்பார்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். குடும்பம் ஒன்று என்பதால் அதற்குள் இருக்கும் ஃபோர்க், ஹப், சிங்க்ரோ வளையம் பெரும்பாலும் உங்கள் பெட்டிக்கு உதிரியாகும். பிரித்து, பார்ட் நம்பர் ஒப்பிட்டு, நல்லவற்றை ஆயில் தடவி எடுத்து வையுங்கள். 02ஜேயில் ஐந்தாவது கியர் முக்கியக் கேசிங்குக்கு வெளியே, முனை மூடிக்குள் இருக்கிறது. டீசலின் அந்த ஐந்தாவது ஜோடியை மட்டும் கழற்றி உங்கள் பெட்டியில் மாட்டிக்கொள்ளலாம், பெட்டியைக் காரிலிருந்து இறக்கக்கூட வேண்டாம். டிராக்கில் நீங்கள் ஐந்தாவதைத் தொடப் போவதில்லை. டிராக் நாள் முடிந்து அதே காரில் பெங்களூரு நெடுஞ்சாலை வழியே வீடு திரும்பும்போது, மணிக்கு நூறில் எஞ்சின் 2,860 சுற்றுக்குப் பதில் 2,590-இல் ஓடும்.